உப்பும் மைசெலும்: சோப்புக் கரைசல் ஏன் இறுகுகிறது, ஏன் மறுபடி நீர்க்கிறது?

சர்ஃபாக்டண்ட் (சோப்பு, ஷாம்பூ போன்றவற்றில் அழுக்கை நீக்கும் பொருள்) கரைசலில் உப்பு போடுவது பற்றி மாணவர்களும், ஷாம்பூ, திரவ சோப்பு போன்றவற்றைத் தயாரிப்பவர்களும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. ஆளுக்கு ஆள் தனியாகப் பதில் எழுதுவதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் சுலபம். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் நகர்கின்றன.

உப்பு தண்ணீரில் கரைந்து காணாமல் போய்விடுகிறது. அது எப்படி ஒரு திரவத்தைக் கெட்டியாக்கும்?

உப்பு நேரடியாகக் கெட்டியாக்குவதில்லை. வெறும் தண்ணீரில் லிட்டருக்கு 58 கிராம் சோடியம் குளோரைடு போட்டாலும், அதாவது 1 மோலார் அளவு போட்டாலும், பாகுநிலை (திரவம் ஓடுவதற்குக் காட்டும் தடை, அதாவது கெட்டித்தன்மை) ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் கூடும். அதைவிடக் குறைவான உப்பைப் பொருத்தமான சர்ஃபாக்டண்ட் கரைசலில் போட்டால் பாகுநிலை ஆயிரம் மடங்கு, பத்தாயிரம் மடங்கு என்று ஏறுகிறது.

ஆக, மாறுவது தண்ணீர் இல்லை. தண்ணீருக்குள் இருக்கும் மைசெல்களின், அதாவது சர்ஃபாக்டண்ட் மூலக்கூறுக் கூட்டங்களின், வடிவம்தான் மாறுகிறது. உருண்டையாக இருந்தவை நீண்டு, ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. கெட்டித்தன்மை அந்தப் பின்னலிலிருந்து வருகிறது.

மைசெல் மைசெல் என்கிறீர்கள், அது எவ்வளவு பெரியது? எப்போது உருவாகிறது?

சர்ஃபாக்டண்ட் மூலக்கூறுக்குத் தண்ணீரை விரும்பும் ஒரு தலையும், தண்ணீரை வெறுக்கும் ஒரு கொழுப்பு வாலும் உண்டு. செறிவு ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டியதும் வால்களை உள்ளே ஒளித்து, தலைகளை வெளியே காட்டி, மூலக்கூறுகள் கூட்டமாகச் சேர்கின்றன. அந்தக் கூட்டம்தான் மைசெல். சோடியம் டோடெசில் சல்பேட்டுக்கு அறை வெப்பநிலையில் இந்த எல்லை சுமார் 8 மில்லிமோலார், அதாவது லிட்டருக்கு 2.3 கிராம் அளவு. ஓர் உருண்டை மைசெல்லில் 60 மூலக்கூறுகள் போல இருக்கும். குறுக்களவு 4 நானோமீட்டர் அளவு.

உப்பு இந்த எல்லையையே கீழே இறக்கிவிடும். 0.1 மோலார் சோடியம் குளோரைடு இருந்தால் 8 மில்லிமோலார் என்பது 1.5 மில்லிமோலார் பக்கம் வந்துவிடுகிறது. ஒரு மைசெல்லில் இருக்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் 90 பக்கம் உயர்கிறது. மைசெல் கட்டுவதே உப்புக்குப் பிறகு எளிதாகிவிடுகிறது என்று இதற்கு அர்த்தம். ஏன் எளிதாகிறது என்பது அடுத்த கேள்வி.

உப்பு போட்டால் மைசெல் ஏன் நீள்கிறது? எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

தலைகளுக்கு மின்சுமை இருக்கிறது. டோடெசில் சல்பேட்டின் தலை எதிர்மின்சுமை கொண்டது. ஒரே சுமை கொண்ட தலைகள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார விரும்பாமல் ஒன்றையொன்று தள்ளுகின்றன. அதனால் ஒவ்வொரு தலையும் தனக்கென்று அதிக இடம் எடுத்துக்கொள்கிறது. தலைக்கு இடம் நிறைய, வாலுக்கு இடம் குறைவு என்றால் மேற்பரப்பு நன்றாக வளைந்தாக வேண்டும். மிக அதிகமாக வளைந்த வடிவம் உருண்டை.

உப்பு கரைந்ததும் அதன் அயனிகள் தலைகளைச் சுற்றிக் கூடி, தள்ளும் விசையை மறைத்துவிடுகின்றன. அந்த விசை எட்டும் தூரத்தை டிபை நீளம் என்கிறோம். 0.01 மோலார் சோடியம் குளோரைடில் அது 3 நானோமீட்டர், 0.1 மோலாரில் 1 நானோமீட்டருக்குச் சற்றுக் கீழே. 1 மோலாரில் 0.3 நானோமீட்டர். தள்ளுதல் குறைந்ததும் தலைகள் நெருங்குகின்றன, மேற்பரப்பு அவ்வளவு வளைய வேண்டியதில்லை, உருண்டை உருளையாக நீள்கிறது.

இதை எண்ணாகவும் சொல்லலாம். வாலின் கன அளவை, தலை எடுக்கும் பரப்பாலும் வாலின் நீளத்தாலும் வகுத்தால் கிடைப்பது பொதிவு எண். இஸ்ரேலாச்விலி, மிட்செல், நின்ஹாம் மூவரும் 1976-இல் கொடுத்த கணக்கு இது. 1/3-க்குக் கீழே என்றால் உருண்டை, 1/3 முதல் 1/2 வரை உருளை, அதற்கு மேல் தகடு. 12 கார்பன் வாலுக்கு இந்தக் கணக்கைப் போட்டால், தலை எடுக்கும் பரப்பு 0.63 சதுர நானோமீட்டருக்கு மேல் இருக்கும்வரை உருண்டை, அதிலிருந்து 0.42 வரை உருளை என்று வருகிறது. உப்பு செய்வதெல்லாம் அந்தப் பரப்பைச் சிறிது சிறிதாகக் குறைப்பதுதான்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உப்பு போட்டேன். ரொம்ப நேரம் ஒன்றுமே ஆகவில்லை, அப்புறம் திடீரென்று இறுகிவிட்டது. ஏன் சீராக ஏறவில்லை?

உருளைக்கு இரண்டு முனைகள் உண்டு. முனைகளை மூட அரை உருண்டை வடிவத் தொப்பிகள் தேவை. நடு உடலில் இருக்கும் மூலக்கூறுகள் வசதியாக இருக்கின்றன. தொப்பியில் இருப்பவை அதிகமாக வளைந்த இடத்தில் உட்கார வேண்டியிருக்கிறது. அந்த அசௌகரியத்துக்கு ஓர் ஆற்றல் விலை உண்டு. விலை ஏற ஏற, முனைகளின் எண்ணிக்கையைக் குறைக்கவே கரைசல் விரும்பும். முனைகள் குறைய வேண்டுமானால் ஒவ்வொரு மைசெல்லும் நீளமாக இருக்க வேண்டும்.

முக்கியமான இடம் இதுதான்: சராசரி நீளம் அந்த ஆற்றலோடு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை, அடுக்கேற்றமாக (ஒவ்வொரு படிக்கும் மடங்கு மடங்காக) ஏறுகிறது. வெப்ப ஆட்டத்தின் ஆற்றலை 1 அலகு என்று வைத்துக்கொண்டால், முனை ஆற்றல் 2 அலகு கூடும்போது நீளம் சுமார் 2.7 மடங்கு, 4 அலகு கூடினால் 7 மடங்குக்கு மேல், 10 அலகு கூடினால் 150 மடங்கு அளவு. உப்பு முனை ஆற்றலைச் சீராகத்தான் ஏற்றுகிறது. அதன் விளைவுதான் திடீரென்று தெரிகிறது. ஆரம்பத்தில் குட்டி உருளைகள் நீண்டாலும் அவை ஒன்றையொன்று தொடுவதில்லை, அதனால் பாகுநிலையில் பெரிதாக எதுவும் தெரியாது. தொட்டுப் பின்ன ஆரம்பித்ததும் வளைகோடு செங்குத்தாக எழும்புகிறது.

உப்பால் மைசெல் நீள்கிறது என்பது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. டிபையும் அனாக்கரும் 1951-லேயே ஒளிச்சிதறலை அளந்து, உப்பு சேர்ந்த நேர்மின் சர்ஃபாக்டண்ட் (தலை நேர்மின்சுமை கொண்ட வகை) கரைசலில் மைசெல்கள் கோல் வடிவில் இருப்பதைக் காட்டிவிட்டார்கள்.

சரி, நீளமாகிவிட்டது. நீளம் எப்படிப் பாகுநிலையாக மாறுகிறது?

இந்த நீண்ட மைசெல்களின் தடிமன் மாறுவதில்லை. அதே 4, 5 நானோமீட்டர்தான். நீளம் மட்டும் மைக்ரோமீட்டர் கணக்கில் போகிறது. தடிமனைவிட நூற்றுக்கணக்கான மடங்கு நீளம் என்பதால் அவை வளைந்து நெளிந்து, அவிழ்க்காமல் போட்ட நூல்சிக்கல் போலக் கிடக்கின்றன. ஒன்றை இழுத்தால் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து வருகிறது.

பாகுநிலை இரண்டு காரணிகளின் பெருக்கல். ஒன்று, பின்னல் எவ்வளவு விறைப்பு என்பது (மீட்சிக்குணகம்). மற்றொன்று, இழுத்துப் பிடித்த பின்னல் தளர எவ்வளவு நேரம் எடுக்கும் என்பது (தளர்வு நேரம்). உதாரணத்துக்கு மீட்சிக்குணகம் 20 பாஸ்கல், தளர்வு நேரம் 2 வினாடி என்றால் பாகுநிலை 40 பாஸ்கல் வினாடி. தண்ணீரைப் போல 40,000 மடங்கு. 20 பாஸ்கல் என்பது மிக மெல்லிய விறைப்பு. பின்னலின் கண்ணி அகலம் சுமார் 60 நானோமீட்டர் என்று அதிலிருந்து கணக்கிடலாம். இவ்வளவு மெல்லிய பின்னல் இத்தனை கெட்டியாகத் தெரிவதற்குக் காரணம் நேரம்தான். உப்பு பெரும்பாலும் கண்ணியின் அகலத்தை மாற்றுவதில்லை, தளர்வு நேரத்தைத்தான் மாற்றுகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே உச்சம் பற்றிய கேள்விக்கு இதுதான் சாவி.

இது பாலிமர் கரைசல் மாதிரிதானே? என்ன வித்தியாசம்?

பின்னல் ஒன்றுதான், ஆனால் இந்த இழைகள் நிரந்தரமானவை இல்லை. பாலிமர் சங்கிலியில் அணுக்கள் வேதிப்பிணைப்பால் கட்டுண்டவை. மைசெல் இழையில் அப்படி ஒரு கட்டும் கிடையாது. வெப்ப ஆட்டத்தால் எங்கேயாவது அறுகிறது, இரண்டு புது முனைகள் தோன்றுகின்றன, அவை வேறு முனைகளோடு ஒட்டிக்கொள்கின்றன. கரைசல் அசையாமல் நிற்கும்போதும் இது நடந்துகொண்டே இருக்கிறது.

பாலிமர் சங்கிலி சிக்கலிலிருந்து விடுபட ஒரே வழி, தன் நீளம் முழுவதும் ஊர்ந்து வெளியே வருவது. மைசெல் இழைக்கு இன்னொரு வழி உண்டு: நடுவில் அறுந்து, தேவையான தூரம் மட்டும் ஊர்ந்து, வேறொன்றோடு ஒட்டிக்கொள்ளலாம். மைக்கேல் கேட்ஸ் 1987-இல் இதற்கான கோட்பாட்டைக் கொடுத்தார். அறுபடுதல் ஊர்தலைவிட வேகமாக இருந்தால், ஊரும் நேரத்தையும் அறுபடும் நேரத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் கிடைப்பதே தளர்வு நேரம். அழகான விளைவு என்னவென்றால், நீளமும் குட்டையுமாகக் கலந்து கிடக்கும் இத்தனை இழைகளும் ஒரே ஒரு தளர்வு நேரத்தோடு நடந்துகொள்கின்றன. பாலிமரில் இப்படிக் கிடைப்பது அபூர்வம். 100 மில்லிமோலார் செட்டில்பிரிடினியம் குளோரைடும் (ஒரு நேர்மின் சர்ஃபாக்டண்ட்) 60 மில்லிமோலார் சோடியம் சாலிசிலேட்டும் (பென்சீன் வளையம் கொண்ட ஓர் உப்பு) கலந்த கரைசலைப் பல ஆய்வகங்கள் மாதிரித் திரவமாக வைத்திருப்பது இந்த ஒழுங்குக்காகத்தான்.

பாத்திரத்தைச் சுழற்றி நிறுத்தினால் உள்ளே இருக்கும் குமிழிகள் பின்னால் போகின்றன. இது கெட்டுப்போனதா?

கெட்டுப்போகவில்லை. நீண்ட இழைகள் நன்றாகப் பின்னியிருக்கின்றன என்பதற்குக் கண்ணால் பார்க்கக்கூடிய மிக எளிய ஆதாரம் அது. தளர்வு நேரத்தைவிட வேகமாக நீங்கள் திரவத்தை நகர்த்தியதால் பின்னலுக்குத் தளர நேரமில்லை. அது ரப்பரைப் போல மீள்கிறது. பொறுமையாகச் சாய்த்தால் அதே கரைசல் ஒழுகும்.

கெட்டியாகட்டும் என்று இன்னும் உப்பு போட்டேன். மறுபடி தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. உப்பு மைசெல்லை உடைத்துவிட்டதா?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொள்வதும் இதைத்தான். உப்பின் அளவைக் கிடையாகவும் பாகுநிலையை நெட்டாகவும் போட்டு வரைந்தால் ஒரு மலை வருகிறது. ஏறி, ஓர் உச்சம் தொட்டு, இறங்குகிறது. இறங்கும் பக்கத்தில் மைசெல்கள் உடைந்து உருண்டையாகத் திரும்பிவிட்டன என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஆனால் உப்பு கூடக்கூட மின் விலக்கம் குறையத்தான் செய்கிறது. விலக்கம் குறைந்தால் உருண்டைக்குத் திரும்ப எந்தக் காரணமும் இல்லை.

நடப்பது வேறு. முனைத் தொப்பியின் விலை மிக அதிகமாகிவிட்ட நிலையில், தனியாக நிற்கும் முனைக்கு இன்னொரு புகலிடம் கிடைக்கிறது: பக்கத்து இழையின் நடு உடலோடு ஒட்டிக்கொள்வது. மூன்று கிளைகள் சேரும் சந்திப்பு உருவாகிறது. அந்தச் சந்திப்பில் மேற்பரப்பு முனையைப் போல வளைவதில்லை. குதிரைச்சேண வடிவில், தட்டைக்கு நெருக்கமாக இருக்கிறது. தலைகள் நெருங்கி உட்கார விரும்பும் இந்த நிலையில் அது முனையைவிட மலிவு. கரைசலை நொடியில் உறையவைத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்த படங்களில் இந்தச் சந்திப்புகள் தெளிவாகத் தெரிகின்றன.

கிளைகள் இணைந்தால் வலை இன்னும் உறுதியாக வேண்டாமா என்று கேட்பீர்கள். வேதிப்பிணைப்பு கொண்ட வலையாக இருந்தால் அப்படித்தான். இங்கே சந்திப்பு ஓரிடத்தில் பூட்டப்பட்டது இல்லை. மூலக்கூறுகள் தண்ணீரைப் போல ஓடும் மேற்பரப்பு அது. சந்திப்பு இழையின் நீளத்தில் வழுக்கிக்கொண்டே போகலாம். இழுவிசை வந்தால் ஊரவும் வேண்டாம், அறுபடவும் வேண்டாம், சந்திப்பு நகர்ந்தாலே போதும். லெக்கூ 1992-இல் இந்த விளக்கத்தைக் கோட்பாடாக எழுதினார். தளர்வு நேரம் குறைகிறது, அதனால் பாகுநிலை இறங்குகிறது. ரியோமீட்டரில் (திரவத்தின் ஓட்டத்தையும் மீட்சியையும் அளக்கும் கருவி) அளந்தால் உச்சத்துக்குப் பிறகும் மீட்சிக்குணகம் பெரிதாக மாறாமல், தளர்வு நேரம் மட்டும் சரிவதைப் பல கரைசல்களில் பார்க்கலாம். மைசெல்கள் உடைந்திருந்தால் பின்னலே போயிருக்கும், மீட்சிக்குணகமும் கூடவே விழுந்திருக்கும்.

இன்னும் உப்பு போட்டால்?

கிளைகள் பெருகி, வலை தன்னைத்தானே ஒடுக்கிக்கொண்டு, ஒரு கட்டத்தில் தண்ணீரை வெளியே தள்ளிவிடும். முதலில் கலங்கல் தெரியும். பிறகு சர்ஃபாக்டண்ட் நிறைந்த ஓர் அடுக்கும் கிட்டத்தட்ட வெறும் உப்புநீராக இருக்கும் ஓர் அடுக்கும் பிரியும். சில சர்ஃபாக்டண்ட்களில் பிரிவதற்குப் பதிலாகப் படிகமாக வீழ்படிவு வரும்.

உச்சத்தைத் தாண்டிவிட்டேனா, இன்னும் அடையவில்லையா? இரண்டு பக்கமும் ஒரே பாகுநிலைதானே காட்டும்?

ஒரு சிறு மாதிரியைத் தனியே எடுத்து அதில் சிறிது உப்புக்கரைசல் விட்டுப் பாருங்கள். கெட்டியானால் ஏறும் பக்கத்தில் இருக்கிறீர்கள். நீர்த்தால் இறங்கும் பக்கம். முழுத் தொகுதியிலும் கைவைப்பதற்கு முன் இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் இருக்காதீர்கள். இரு பக்கங்களிலும் ஒரே பாகுநிலை காட்டினாலும் குணம் ஒன்றில்லை. இறங்கும் பக்கத்துக் கரைசலுக்குத் தளர்வு நேரம் குறைவு, இழுபடும் தன்மை குறைவு, குளிரில் கலங்கும் அபாயம் அதிகம்.

தயாரிப்புக்கு உச்சத்திலேயே நிற்பதைவிட, ஏறும் பக்கத்தில் சற்றுக் கீழே நிற்பது நல்லது என்பது என் கருத்து. உச்சிக்கு மிக அருகில் நின்றால், மூலப்பொருளோடு வரும் உப்பு சிறிது கூடினாலே மறுபக்கம் சறுக்கிவிடும்.

உப்பு அதிகமாகிவிட்டது. மீட்க வழி உண்டா?

உண்டு. உப்பை வெளியே எடுக்க முடியாது, விகிதத்தை மாற்றலாம். உப்பில்லாமல் செய்த அதே கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தால் வளைகோட்டில் பின்னோக்கி நடந்து உச்சத்துக்குத் திரும்புவீர்கள். வெறும் தண்ணீர் விட்டாலும் ஆரம்பத்தில் கெட்டியாகும். பார்ப்பவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும், ஆனால் மேலே சொன்னதை வைத்து யோசித்தால் இயல்பானதுதான். சர்ஃபாக்டண்ட் செறிவும் சேர்ந்து குறைகிறது என்பதால் தண்ணீரை அளவோடுதான் விட வேண்டும்.

எந்த உப்பானாலும் ஒன்றுதானா? மோலார் அளவு ஒன்றாக இருந்தால் போதுமா?

போதாது. மின் விலக்கத்தை மறைப்பது அயனியின் சுமையை மட்டும் பார்க்கும் கணக்கு. உண்மையில் தலைக்கு எதிர்ச்சுமை கொண்ட அயனி மேற்பரப்பில் எவ்வளவு நெருக்கமாக ஒட்டுகிறது என்பதும் முக்கியம். நேர்மின் சர்ஃபாக்டண்டில் இது பளிச்சென்று தெரியும். செட்டில்டிரைமெத்தில்அமோனியம் புரோமைடில் சோடியம் புரோமைடு போட்டால் 0.1 மோலாருக்கும் கீழேயே மைசெல்கள் நீள ஆரம்பிக்கின்றன. அதே வால், அதே தலை, ஆனால் குளோரைடு வடிவத்தில் சோடியம் குளோரைடு போட்டால் 1 மோலாருக்கு மேல் போக வேண்டியிருக்கிறது. நீர்மூலக்கூறுகளைக் குளோரைடு இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. புரோமைடு எளிதில் விட்டுவிட்டுத் தலையருகே வருகிறது. ஹோஃப்மைஸ்டர் 1888-இல் புரதங்களை வைத்துக் கண்ட அயனி வரிசையின் சாயல் இங்கேயும் தெரிகிறது.

எதிர்மின் சர்ஃபாக்டண்டில் லித்தியம், சோடியம், பொட்டாசியம், சீசியம் என்ற வரிசையில் ஒட்டும் வலிமை கூடும். கால்சியம், மெக்னீசியம் போன்ற இரட்டைச் சுமை அயனிகள் மிகக் குறைந்த அளவிலேயே வேலை செய்கின்றன. ஆனால் வலிமையான அயனியே நல்லது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். டோடெசில் சல்பேட் கரைசலில் பொட்டாசியம் குளோரைடு போட்டால் அறை வெப்பநிலையில் கெட்டியாவதற்குப் பதிலாக வெள்ளையாக வீழ்படிவு வரும். கால்சியமும் அப்படியே. தலைக்கும் வாலுக்கும் நடுவே எத்திலீன் ஆக்சைடு அலகுகள் கொண்ட சோடியம் லாரைல் ஈதர் சல்பேட் இதை நன்றாகத் தாங்கும்.

சாலிசிலேட் மட்டும் ஏன் இவ்வளவு குறைவாகப் போட்டாலே வேலை செய்கிறது?

சாலிசிலேட் தலையருகே வருவதோடு நிற்பதில்லை. அதன் பென்சீன் வளையம் மைசெல்லின் மேற்பரப்புக்குள்ளேயே நுழைந்து உட்கார்ந்துகொள்கிறது. சுமை கொண்ட பகுதி மட்டும் வெளியே பார்க்கிறது. அதனால் அது தலைகளின் விலக்கத்தைத் தூரத்திலிருந்து மறைப்பதில்லை, அந்த இடத்திலேயே சுமையைச் சமன் செய்துவிடுகிறது. சில மில்லிமோலார் சர்ஃபாக்டண்டும் அதே அளவு சாலிசிலேட்டும் இருந்தாலே மீட்சித்தன்மை தெரியும். சோடியம் குளோரைடால் இந்தச் செறிவில் இதைச் செய்ய முடியாது.

மின்சுமையே இல்லாத சர்ஃபாக்டண்டில் உப்பு என்ன செய்யும்? பீட்டெய்ன் சேர்த்தால் ஏன் உப்பு குறைவாகவே போதுகிறது?

எத்திலீன் ஆக்சைடு தலை கொண்ட மின்சுமையற்ற வகையில் மறைப்பதற்குச் சுமை இல்லை. ஆனால் அதிகமான உப்பு அந்தத் தலைகளைப் பிடித்திருக்கும் நீரை இழுத்துக்கொண்டு, தலையின் பரப்பைச் சுருக்கும். விளைவு மென்மையானது, நிறைய உப்பு வேண்டும். கலங்கும் வெப்பநிலையும் கூடவே கீழே இறங்கும்.

பீட்டெய்னில் நேர்ச்சுமையும் எதிர்ச்சுமையும் ஒரே தலையில் இருக்கின்றன. அது எதிர்மின் தலைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தால் உப்பு செய்யவேண்டிய வேலையில் பாதியை அதுவே செய்துவிடுகிறது; உச்சம் குறைந்த உப்பளவுக்கு நகர்ந்து, உயரமும் ஆகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: விற்பனைக்கு வரும் கோக்கமிடோபுரோப்பைல் பீட்டெய்ன் கரைசலில் தயாரிப்பின்போதே உருவான சோடியம் குளோரைடு 5 சதவீதம் அளவு இருக்கும். அதைக் கணக்கில் எடுக்காதவர்கள்தான் கொஞ்சம் உப்பு போட்டதுமே நீர்த்துவிட்டது என்கிறார்கள்.

வாசனைத் திரவியம் சேர்த்ததும் பாகுநிலை தலைகீழாகிவிட்டது. அதில் உப்பே இல்லையே?

எண்ணெய்த் தன்மை கொண்ட எதுவும் மைசெல்லுக்குள்தான் போகும். எங்கே உட்காருகிறது என்பதைப் பொறுத்தது விளைவு. தலைகளுக்கு அருகில், வால்களுக்கு நடுவே நின்றால் பொதிவு எண் கூடி இழை நீளும். நடு மையத்தில் போய்ச் சேர்ந்தால் உருளை வீங்கி உருண்டைத் துளிகளாகிவிடும். ஆகையால் உப்பு வளைகோட்டை வாசனைப் பொருளோடு சேர்த்தே வரைய வேண்டும்.

சூடாக இருக்கும்போது தண்ணீர், ஆறினால் கெட்டி. எந்த வெப்பநிலையில் அளப்பது?

எந்த வெப்பநிலை என்பதைவிட, ஒவ்வொரு முறையும் அதே வெப்பநிலை என்பதே முக்கியம். 25 டிகிரி என்று வைத்துக்கொண்டு, மாதிரியை அங்கே முழுவதும் நிலைப்படுத்திய பிறகு அளக்கலாம். சூடேறினால் நீளமும் அடுக்கேற்றமாகக் குறைகிறது, அறுபடுதலும் வேகமாகிறது. இரண்டும் பாகுநிலையை ஒரே திசையில் இழுக்கின்றன. சில டிகிரி வித்தியாசமே உப்பு வித்தியாசம் போல ஏமாற்றிவிடும். கலந்த உடனே அளப்பதும் வேண்டாம். காற்றுக்குமிழிகள் வெளியேற ஓர் இரவு கொடுங்கள்.

ஒரே கரைசல், மீட்டரில் வேகத்தை மாற்றினால் வேறு வேறு எண். எது சரி?

எல்லாமே அந்தந்த வேகத்துக்குச் சரி. மிக மெதுவாகச் சுழற்றும்போது பின்னலுக்குத் தளர நேரம் இருக்கிறது. எண் மாறாமல் நிற்கும். அதுவே ஓய்வுநிலைப் பாகுநிலை, வளைகோட்டுக்கு அதைத்தான் எடுக்க வேண்டும். சறுக்கு வீதம் (திரவ அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவும் வேகம்) தளர்வு நேரத்தின் தலைகீழ் அளவை எட்டியதும் இழைகள் ஓட்டத்தின் திசையில் நீட்டிப் படுக்கின்றன, பாகுநிலை சரிகிறது.

அதற்கு மேல் ஒரு வினோதம். வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் தகைவு (ஓரலகுப் பரப்பில் படும் விசை) ஏறாமல் ஒரே மட்டத்தில் நிற்கும். கேட்ஸ் கோட்பாட்டின்படி அந்த மட்டம் மீட்சிக்குணகத்தின் மூன்றில் இரண்டு பங்கு அளவு. ஸ்பென்லி, கேட்ஸ், மெக்லீஷ் 1993-இல் காட்டிய விளக்கம்: திரவம் இரண்டு பட்டைகளாகப் பிரிகிறது. ஒன்றில் பின்னல் அப்படியே இருந்து மெதுவாக நகர்கிறது. மற்றொன்றில் இழைகள் வரிசையாகப் படுத்து வேகமாக ஓடுகிறது. ஒளிமுனைவாக்கித் தகடுகளுக்கு நடுவே வைத்துப் பார்த்தால் வேகப் பட்டை தனியாக ஒளிரும். இந்தப் பகுதியில் நீங்கள் குறித்துக்கொள்ளும் பாகுநிலை இரண்டு பட்டைகளின் கலவை எண். அதைப் பொருளின் குணமாக எழுதக் கூடாது.

ரொம்ப நீர்த்த கரைசலில் இதற்கு நேர்மாறாகப் பார்த்தேன், கிளறக் கிளறக் கெட்டியாகிறது. அது எப்படி?

இழைகள் பின்னும் அளவுக்குச் செறிவு இல்லாதபோது, ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் ஓட்டமே குட்டி மைசெல்களை வரிசைப்படுத்தி, முட்டவைத்து, பெரிய அமைப்புகளாகச் சேர்க்கிறது. நிறுத்தினால் மெல்லக் கலைந்துவிடும். குழாய்களில் தண்ணீரைச் சுற்றிவிடும் வெப்ப, குளிர்ப் பரிமாற்ற அமைப்புகளில் இதே வகைக் கரைசல்கள் பயன்படுகின்றன. கொந்தளிப்பு ஓட்டத்தின் உராய்வை 70 சதவீதம் வரைக்கும் குறைக்க முடிகிறது. பாலிமரும் இதைச் செய்யும், ஆனால் பம்பில் ஒருமுறை அறுந்த சங்கிலி அறுந்ததுதான். மைசெல் இழை பம்பைத் தாண்டியதும் மறுபடி சேர்ந்துவிடுகிறது.

மிகக் குறைவான உப்பில் பாகுநிலை கூடுவதற்குப் பதிலாகச் சற்றுக் குறைந்தது. அளவீட்டுப் பிழையா?

பிழையாக இருக்க வேண்டியதில்லை. உப்பே இல்லாத கரைசலில் உருண்டை மைசெல்கள் தூரத்திலிருந்தே ஒன்றையொன்று தள்ளுகின்றன; சுற்றியிருக்கும் அயனி மேகமும் ஓட்டத்தில் இழுபட்டுத் தடை தருகிறது. ஆகவே பாகுநிலை, அதே கன அளவு கொண்ட சுமையற்ற உருண்டைகளுக்குக் கணக்கிடுவதைவிடக் கூடுதலாக இருக்கும். முதல் சிட்டிகை உப்பு அந்த மேகத்தைச் சுருக்கிவிடுகிறது, பாகுநிலை சற்று இறங்குகிறது. மைசெல் நீளத் தொடங்குவது அதன் பிறகுதான்.

சாலிசிலேட் அளவைக் கூட்டிக்கொண்டே போனேன். ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, மறுபடி இறங்கியது. ஒரே மலை என்றுதானே சொன்னீர்கள்?

சோடியம் குளோரைடு போன்ற எளிய உப்புக்கு ஒரே மலைதான். மேற்பரப்புக்குள் நுழையும் அயனிக்கு இரண்டு மலைகள் வரலாம். செட்டில்பிரிடினியம் கரைசலில் சாலிசிலேட்டைக் கூட்டி ரேஹாகேயும் ஹோஃப்மானும் 1988-இல் வெளியிட்ட அளவீடுகளில் இது தெளிவாக இருக்கிறது.

முதல் ஏற்றம் மேலே சொன்னதுதான்: நேர்ச்சுமை சமனாகச் சமனாக இழை நீள்கிறது. சாலிசிலேட் நுழைந்துகொண்டே இருப்பதால் ஓர் இடத்தில் மேற்பரப்பின் நிகரச்சுமை பூச்சியமாகிறது. இரண்டு மலைகளுக்கு நடுவே இருக்கும் பள்ளம் அந்த இடத்தில்தான் வருகிறது. விலக்கம் மிகக் குறைவு என்பதால் கிளைகளுக்கு அங்கே சாதகம். அதையும் தாண்டி சாலிசிலேட் நுழைந்தால் மேற்பரப்பு எதிர்ச்சுமையாக மாறிவிடும். விலக்கம் திரும்ப வருகிறது, கிளைகள் குறைகின்றன, பாகுநிலை ஏறுகிறது. அதற்கு மேல் போடும் சோடியம் சாலிசிலேட் இந்தப் புது எதிர்ச்சுமையை மறைக்கும் சாதாரண உப்பாக வேலை செய்து, இரண்டாவது முறையாகக் கீழே இறக்குகிறது. மைசெல்லின் சுமையையும் கூடவே அளக்க வாய்ப்பிருந்தால் அளந்து பாருங்கள். பள்ளத்தின் ஒரு பக்கம் நேர்ச்சுமையும் மறுபக்கம் எதிர்ச்சுமையும் வந்தால் உங்கள் கரைசலிலும் இதுதான் நடக்கிறது.